மேற்கே போகும் புகை

ஆலத்தாங்கலில் யாரை நிறுத்தி, காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டாலும் கிழக்கே கையை நீட்டுவார்கள். மாமல்லபுரத்துக் கடல் ஊருக்கு நேர் கிழக்கே. மத்தியானம் சாய்ந்தால் காற்று அங்கிருந்து கிளம்பி ஊருக்குள் வந்து, ஏரியைத் தாண்டி, மேற்கே தைலமரத் தோப்பைப் பார்த்துப் போகும். வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே உட்காருகிற நேரமும் அதுதான். நெல் தூற்றினவர்களும் அந்த நேரம் பார்த்துத்தான் தூற்றினார்கள். ஆகவே ஊருக்குத் தெரிந்த காற்று அந்த ஒன்றுதான். எல்லாரும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் விடியற்காலையில் எந்தக் காற்று அடிக்கிறது என்று ஒருத்தரும் எழுந்து பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பூங்கொடிக்கு இந்தப் பாடு வந்திருக்காது.

ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கிற கம்பெனி ஊரைத் தேடி வந்தபோது, கூட்டம் போட்டு, சூளையை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஊர்க்காரர்களையே கேட்டார்கள். கேட்டதிலேயே பாதிப் பேர் குளிர்ந்துபோனார்கள். எல்லப்பன்தான் எழுந்து பதில் சொன்னார். பூங்கொடியின் மாமனார் அவர்.

"மேலண்ட வச்சிக்கோங்க. கடக்காத்து பொகைய அப்டியே மேக்கால தள்ளிகினு பூடும். அந்தாண்ட காடுதான், ஆளு இல்ல. நெல்லு தூத்துனவனுக்குத் தெரியாதா காத்து?"

கைதட்டினார்கள். சொன்னதோடு நிற்காமல், ஊருக்கு மேற்கே இருந்த தன் வேர்க்கடலைக் கொல்லையையே முதல் ஆளாக எழுதிக் கொடுத்தார். அதற்கு மரியாதையாக அவர் மகன் ஆனந்தனுக்குக் கம்பெனியில் டிரைவர் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து அவருக்குப் பெயர் காத்து எல்லப்பன். முதலில் பெருமையாகக் கூப்பிட்டார்கள். பின்னால் அந்தப் பெயரைச் சொல்கிற தொனி மாறிப்போனது, ஆனால் பெயர் மாறவில்லை.

ஆனந்தனின் வேலை லேசானதுதான், மூக்கை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மஞ்சள் வண்டியை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரியில் தொடங்கி ஜி.எஸ்.டி. ரோடு நெடுக ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பின்வாசலிலும் நிற்பான். சில நாள் கோவளம் பக்கம் போய்வரச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிகளில் பையைக் கலர் பிரித்துக் கட்டி வைத்திருப்பார்கள். குழாய், மாஸ்க், பாட்டில் எல்லாம் சிவப்புப் பையில், அவை நீராவியில் வெந்து பிளாஸ்டிக்காகத் திரும்பிப் போகும். இரத்தப் பஞ்சு, கட்டுத் துணி, அறுத்து எடுத்தது எல்லாம் மஞ்சள் பையில். மஞ்சள் பை சூளைக்கு.

அவன் சேர்ந்த புதிதில் சூளையைப் பகலில் மட்டும்தான் மூட்டினார்கள். வண்டியும் பாதிதான் நிறையும். பிறகு ஜி.எஸ்.டி. ரோட்டில் அடுக்குமாடிகள் எழும்பின. அடுக்குமாடிக்கு ஆட்கள் வந்தார்கள், ஆட்களுக்குச் சர்க்கரையும் பிரஷரும் வந்தன, அவற்றின் பின்னாலேயே ஆஸ்பத்திரிகள் வந்தன. கிளினிக்காக இருந்தது நர்சிங் ஹோமாகி, நர்சிங் ஹோம் மாடிக்கு மேல் மாடி ஏறியது. வண்டி இரண்டு நடை அடித்தது. சூளை இரவும் பகலும் எரியத் தொடங்கியது. ஆலத்தாங்கலும் சும்மா இருக்கவில்லை. தார் ரோடு வந்தது, வீட்டுக்கு வீடு பைக் வந்தது, பெட்டிக்கடை இருந்த இடத்தில் மெடிக்கல் ஷாப் வந்தது. அதுதான் இப்போது ஊரிலேயே நன்றாக ஓடுகிற கடை.

பூங்கொடிக்குப் பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிற வேலை. பிள்ளைகள் வருவதற்குள் உப்புமாவோ பொங்கலோ தயாராக இருக்க வேண்டும் என்பதால் இருட்டோடு எழுந்து போவாள். ஊரே தூங்குகிற நேரத்தில் வெளியே நின்று அண்ணாந்து பார்க்கிற வாய்ப்பு அவளுக்குத்தான் இருந்தது. அந்த நேரத்தில் காற்று கடலிலிருந்து வரவில்லை, கடலைப் பார்த்துப் போனது. புகை ஏரியைத் தாண்டிவந்து தெருவுக்கு மேலே படுத்துக்கொண்டது. ஆனி, ஆடி மாதமென்றால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்காது.

முதலில் மாமனாரிடம்தான் சொன்னாள். "மாமா, காலைல பொகை நம்ம தெருவுக்குத்தான் வருது."

"கனா கினா கண்டியா?" என்றார் எல்லப்பன். "அது உன் அடுப்புப் பொகையா இருக்கும்."

பள்ளிக்கூடத்தில் கேஸ் அடுப்பு. அதைச் சொல்லி அவரோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு மூச்சு இல்லை. ஏனென்றால் அதற்குள் வீசிங் ஆரம்பித்துவிட்டது. சளி என்று இருந்தாள், பிறகு தூசி என்று இருந்தாள். ஒருநாள் பொங்கலைக் கிளறிக்கொண்டிருக்கும்போதே கரண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதித்து, வாயில் வைத்து இழுக்கிற பம்பு கொடுத்தார்கள். டாக்டர் நல்லவர், ஊர் எது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். ஆனந்தன் சொன்னான். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரி பையும் அங்கேதானே போகிறது.

"முடிஞ்சா இடத்தை மாத்துங்க," என்றார். "மருந்து ஓரளவுக்குத்தான் கேட்கும்."

இடத்தை மாற்றுவது என்றால் சொல்வதற்குச் சுலபம். பூங்கொடியின் தங்கை ரேணுகா கோவளத்தில் இருக்கிறாள். கோடை லீவில் அவள் வீட்டுக்குப் போய்த் தங்கிய பூங்கொடி, பம்பைத் தொடவே இல்லை. ஆனந்தன் அந்தப் பக்கம் நடை போனபோது வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் போன் செய்தான். அந்த வண்டியோடு சொந்தக்காரர் வீட்டு வாசலில் போய் நிற்க அவனுக்குக் கூச்சம். அவள் விடுவிடுவென்று நடந்து வந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. 

"இங்க நல்லா கீதுங்க," என்றாள். "ராத்திரி படுத்தா அப்டியே தூங்கிடறேன். எழுந்து குந்தறதே இல்ல."

"அப்ப இங்கியே இரேன்."

"ஒத்த ரூமு. அவ மாமியாரும் கீறாங்க. எத்தினி நாளு இருக்கறது?"

கோவளத்தில் தனியாக வாடகைக்கு எடுப்பதென்றால் அவன் சம்பளம் அந்த வீட்டுக்காரருக்கே போய்விடும். மகன் கார்த்தி செங்கல்பட்டில் விடுதியில் தங்கிப் பாலிடெக்னிக் படிக்கிறான். ஆலத்தாங்கல் வீட்டை விற்கலாமென்றால், புகை வருகிற வீட்டை வந்து பார்க்கிறவன் காலையில் வந்தால் ஓடிவிடுவான். சாயங்காலம் வரச்சொல்லி ஏமாற்ற ஆனந்தனுக்கு மனம் வரவில்லை. வேலையை உதறிவிட்டு வேறு ஊருக்குப் போகலாமென்றால், பூங்கொடியின் வைத்தியமெல்லாம் கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸில் நடக்கிறது. வேலையை விட்டால் மூச்சு வரும், மருந்து வராது. வேலையில் இருந்தால் மருந்து வரும், மூச்சு வராது. இதை வைத்துக்கொண்டு அவன் எந்தப் பக்கம் திரும்புவான்?

அந்த நேரத்தில்தான் இரண்டாவது சூளைக்கு அனுமதி கேட்டுக் கம்பெனி மனுப் போட்டது. சட்டப்படி ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். ஆனி மாதத்து நாள் ஒன்றைக் குறித்தார்கள். வெயிலுக்குப் பயந்து பிற்பகலில் வைத்தார்கள்.

ஆனந்தன் பேசுவது என்று முடிவு செய்தான். ஒரு சூளைக்கே வீடு இப்படி என்றால் இரண்டாவது வந்தால் அவள் ஆலத்தாங்கலில் இருக்கவே முடியாது. இரண்டாவதை நிறுத்தி, இருக்கிறதை ராத்திரியில் அணைத்து வைக்கச் செய்துவிட்டால் அவள் தன் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். அவன் கேட்டது அவ்வளவுதான். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த பூங்கொடியிடம் சொன்னான்.

"வேல பூட்டா இன்னா பண்ணுவீங்க?"

"பூட்டா பூடுது. நீ மூச்சு வுட்டா போதும்."

அவள் அதற்குமேல் தடுக்கவில்லை. அவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். மோரும் சாம்பார் சாதப் பொட்டலமும் உண்டு என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. அதிகாரிகள் மேடையில் வந்து உட்கார்ந்தபோது, மேற்கேயிருந்து வரும் மேல்காற்று தெருப்புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. புகை சாமியானாவுக்கு மேலேயே கிடந்தது. ஒரு அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த ஆனந்தனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தான் ஒன்றும் பேசவே வேண்டாம், அண்ணாந்து பாருங்கள் என்று சொன்னாலே போதும் என்று நினைத்தான்.

கம்பெனி அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். மாவட்டம் வளர்கிறது, வருமானம் வளர்கிறது, மக்கள் வைத்தியத்துக்கு முன்பைவிட அதிகமாகச் செலவழிக்கிறார்கள், ஆஸ்பத்திரிக் கட்டில்கள் கூடியிருக்கின்றன, ஆகவே எரிக்க வேண்டியதும் கூடியிருக்கிறது என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பூங்கொடியை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் செலவும் அந்த வளர்ச்சியில் சேர்த்திதான். அவள் இழுக்கிற பம்பும் சேர்த்தி, ஆனந்தன் வண்டிக்கு ஊற்றுகிற டீசலும் சேர்த்தி, அவள் பஞ்சை எரிக்கிற சூளையும் சேர்த்தி. அவள் இருமாமல் இருந்துவிட்டால்தான் நாட்டுக்கு நஷ்டம். புகையிலிருக்கிற கார்பனுக்கு ஈடாக ஏரிக்கரையில் மரக்கன்று நட்டிருப்பதாகவும் அவர் சொன்னார். நட்டது உண்மை. ஆடு தின்றதும் உண்மை. ஆடுகளைத் திரையில் காட்டவில்லை.

பிறகு ஊர்க்காரர்களைப் பேசக் கூப்பிட்டார்கள். இங்கேதான் ஊர் தன் புத்தியைக் காட்டியது. முதலில் மைக்கைப் பிடித்த மெடிக்கல் ஷாப் திருநாவுக்கரசு அதிகாரிகளை வரவேற்றார், கம்பெனியை வரவேற்றார், வந்திருந்த தாய்மார்களை வரவேற்றார். சுடுகாட்டுக்குத் தெருவிளக்கு கேட்டார். தன் மைத்துனனுக்கு வேலை கேட்டார். அடுத்தவர் பஸ் கேட்டார். அதற்கடுத்தவர், கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கம்பெனி போன தடவை கொடுத்ததைவிட இந்தத் தடவை கூடக் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. ஆனந்தன் மேலே பார்ப்பதும் வரிசையைப் பார்ப்பதுமாக நின்றுகொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் அவன் கைக்கு மைக் வந்தது.

"ஐயா, எம் பேரு ஆனந்தன். நான் இந்தக் கம்பெனியிலதான் வண்டி ஓட்றேன்."  சூப்பர்வைசர் உலகநாதன் முதல் வரிசையிலிருந்து திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. "எம் பொண்டாட்டிக்கு மூச்சு வுட முடியல. நான் ரொம்பப் பேச மாட்டேன். நீங்களே கொஞ்சம் மேல பாருங்க. பொகை எங்க போவுதுன்னு பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். அவனும் கையை உயர்த்திக்கொண்டே பார்த்தான்.

அந்த நிமிஷத்துக்குச் சற்று முன்னால்தான் சாமியானாத் துணி கிழக்கிலிருந்து உப்பி எழுந்திருந்தது. பேச வேண்டியதை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்த ஆனந்தன் அதைக் கவனிக்கவில்லை. கடல்காற்று வந்துவிட்டது. பெண்கள் பக்கம் எல்லாரும் ஒரே நேரத்தில் அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். புகைபோக்கியிலிருந்து கிளம்பிய புகை வளைந்து, காட்டுப் பக்கம் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. ஊருக்கு மேலே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"மேற்கே போகுது," என்றார் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்த அதிகாரி. "அதைத்தானே சொல்றீங்க?"

"இது இப்ப சார். இப்பதான் மாறிச்சு. காலைல வாங்க சார். விடியக்காலைல வந்து பாருங்க, எங்க தெருவுலதான் கீது."

யாரோ சிரித்தார்கள். அதற்குள் பின்வரிசையில் எல்லப்பன் எழுந்துவிட்டார். மகன் என்ன சொல்ல வந்தான் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. அத்தனை வருஷமாக ஊர் சிரித்த சிரிப்புக்கு அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"நான் சொன்னனா இல்லியா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசினார். "மேலண்ட வச்சா மேக்கால பூடும்னு சொன்னனா இல்லியா? இப்ப பாத்துக்கோங்க."

கைதட்டினார்கள். பழைய கூட்டத்தில் தட்டினவர்களே தட்டினார்கள். அதிகாரி சிரித்துக்கொண்டே, "குறிச்சுக்கிறோம் தம்பி," என்றார். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. ஆனந்தன் கூட்டத்தில் பூங்கொடியைத் தேடினான். அவள் முகத்தைக் கிழக்கே திருப்பி, கண்ணை மூடி, நன்றாக இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். காற்று நன்றாகத்தான் இருந்தது. அதற்காக அவளைக் குற்றம் சொல்ல முடியுமா?

வேலை போய்விடும் என்று எதிர்பார்த்து மறுநாள் டிப்போவுக்குப் போனான். உலகநாதன் அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்.

"நான் பயந்தே பூட்டேன் ஆனந்தா. ஆனா நீ பேசுனது நமக்குத்தான் சாதகமா பூட்ச்சு. கிராமவாசி ஒருத்தர் புகை ஊருக்கு எதிர்ப்பக்கம் போறதைச் சுட்டிக் காட்டினார்னு குறிப்புல எழுதிக்கினாங்க. மேலிடத்துல ஒரே சந்தோஷம்."

"சார், நான் அத்த சொல்லல."

"தெரியும்பா. டீயக் குடி."

திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஆனிக்குள் இரண்டாவது சூளை எழும்பிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் டிரைவர்களுக்குச் சம்பளம் கூட்டினார்கள். கூட்டிய பணம் பூங்கொடிக்கு இன்சூரன்ஸில் வராத மருந்துகளுக்குச் சரியாகப் போனது. அந்தக் கோடை லீவுக்கும் கோவளம் போனவள், பள்ளி திறந்ததும் திரும்பி வந்துவிட்டாள். வராவிட்டால் மகளிர் குழுவில் சமையலுக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ராத்திரியில் பாதியை உட்கார்ந்தே கழித்தாள். படுத்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிறது என்றாள். ஆனந்தன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிவிடுவான். அதைத் தவிர அவனால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அந்தக் கையாலாகாத்தனம் அவனை உள்ளே அரித்துத் தின்றது.

ஒருநாள் வெளுக்கிற நேரத்தில் வண்டியெடுக்கக் கிளம்பியவன், வாசலுக்கு எதிரே தெருவில் அப்பா நிற்பதைப் பார்த்தான். எல்லப்பன் கையில் ஒரு பிடி உமி. கோழிக்கு வைத்திருந்ததை அள்ளி வந்திருந்தார். கையை உயர்த்தி, விரலைக் கொஞ்சம் தளர்த்தி, உமியை மெல்ல விட்டார். அது அவர் காலடியில் விழவில்லை. பறந்து வந்து வீட்டு வாசலில், ஜன்னல் கட்டையில், பூங்கொடி விட்டுப்போயிருந்த பழைய செருப்பில் விழுந்தது. இன்னொரு பிடி விட்டார். அதுவும் அங்கேயே வந்து விழுந்தது.

"நைனா," என்றான் ஆனந்தன்.

அவர் திரும்பவில்லை. "இன்னிக்கி ஏதோ மாறி அடிக்குது," என்றார்.

ஆனந்தனுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை, கிழவர் அந்தச் செருப்பில் விழுந்த உமியையே பார்த்து நிற்பதைக் கண்டதும் விழுங்கிவிட்டான். அன்று சாயங்காலம் திரும்பி வந்தபோது, மேற்குப் பக்கத்து ஜன்னலில் நனைத்த சாக்கு கட்டியிருந்தது. அதற்குப் பிறகு எல்லப்பன் தினமும் வெளுக்கும் முன் எழுந்து அந்தச் சாக்கில் தண்ணீர் ஊற்றினார். காற்றைப் பற்றி வீட்டிலோ வெளியிலோ அவர் வாய் திறக்கவில்லை.

சாக்கு எவ்வளவு நாள் தாங்கும்? ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில், பள்ளிக்கூடத்திலிருந்து கூடச் சமைக்கிற கண்ணகி போன் செய்தாள். "அண்ணாத்த, சீக்கிரம் வா. அக்காவுக்குப் பம்பு கேக்கல."

ஆனந்தன் வண்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தான். நேரே பள்ளிக்கூடத்துக்கு விட்டான். பூங்கொடி சமையலறை வாசலில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நூற்றெட்டுக்குப் போன் செய்தால் வண்டி வேறு கேஸில் இருக்கிறது, வரும் என்றார்கள். காத்திருக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. கழிவு வண்டியில் வேறு ஆளை ஏற்றக்கூடாது என்பது சட்டம், கதவிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கதவைத் திறந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தான்.

கூடுவாஞ்சேரியில் புதிதாகத் திறந்திருந்த, கம்பெனி இன்சூரன்ஸ் செல்லுகிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். முன்வாசல் வழியாக அவன் அங்கே நுழைவது அதுதான் முதல் தடவை. நல்லவேளையாக உடனே பார்த்தார்கள். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள், கையில் ஊசி குத்தினார்கள். இழுத்து இழுத்து, கடைசியில் மூச்சு அவள் கட்டுக்குள் வந்தது. நர்ஸ் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் துடைத்து, இரத்தம் பட்ட பஞ்சை மஞ்சள் பை போட்ட தொட்டிக்குள் போட்டாள். பூங்கொடி துப்பிய துணியும் அதிலேயே விழுந்தது. ஆனந்தன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்," என்றார் டாக்டர். "தூசி, புகை ஆகவே ஆகாது. பார்த்துக்குங்க."

"சரிங்க சார்," என்றான்.

முகம் கழுவ வெளியே வந்தபோது, பின்வாசல் ஆள் அவனைப் பிடித்துக்கொண்டார். முன்னால் நின்ற மஞ்சள் வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"நீதானா? இன்னிக்கி காலைலியே வந்துட்ட. நேத்து ராத்திரியே ரூம்பு ரொம்பிட்ச்சு, வெக்க எடமில்ல. இப்ப வார்டு பையும் கட்டிட்டாங்க. வந்தது வந்த, ஏத்திகினு பூடு."

"எம் பொண்டாட்டி உள்ள கீதுண்ண."

"அதுக்கு இன்னா, டாக்டருங்க பாத்துக்கப் போறாங்க. நீ இன்னா பண்ணப் போற?"

அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனந்தன் உள்ளே போய்ப் பூங்கொடியிடம் சொன்னான். அவள் மாஸ்கைக் கொஞ்சம் நகர்த்தி, "போயிட்டு வாங்க. இங்க ஏசி போட்டுகிறாங்க, நல்லாத்தான் கீது," என்றாள்.

பைகளை ஏற்றினான். அவள் படுத்திருந்த வார்டின் மஞ்சள் பை எது என்று அவனுக்குத் தெரிந்தது, சீட்டில் மாடி எண் போட்டிருந்தார்கள். எடை ஒன்றுமே இல்லை. எல்லாவற்றிலும் கடைசியாக அதை வைத்துக் கதவைச் சாத்தினான்.

மற்ற ஆஸ்பத்திரிகளிலும் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டைத் தாண்டியபோது சூரியன் உச்சியில் இருந்தது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. மெதுவாகப் போனால் என்ன? கடல்காற்று எழும்பின பிறகு போய் இறக்கினால், இந்த லோடாவது காட்டுப் பக்கம் போகும். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வரும்போது, அவளுடைய பஞ்சே அவள் வீட்டு ஜன்னலுக்கு வந்து நிற்காது. அந்த ஒரு பை மட்டுமாவது. கூறுகெட்ட யோசனை என்று அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் அவன் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

மாட்டு வண்டி வேகத்தில் உருட்டினான். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். கம்பெனியின் இன்னொரு மஞ்சள் வண்டி அவனைத் தாண்டி விரைந்தது, ஓட்டுகிறவன் கையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனான். ஊருக்கு முன்னால் தைலமரத் தோப்போரம் வண்டியை நிறுத்தி இறங்கினான். மரங்களை அண்ணாந்து பார்த்தான். இலைகளெல்லாம் கிழக்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. தரையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, அப்பா செய்த மாதிரியே விட்டுப் பார்த்தான். மண் ஊர்ப்பக்கம் பறந்தது. கொஞ்சநேரம் நின்றுவிட்டு இன்னொரு பிடி விட்டான்.

போன் அடித்தது. உலகநாதன்.

"எங்க கீற ஆனந்தா? ரெண்டாவது சூள காலியா எரிஞ்சிகினு கீது, டீசல் வேஸ்ட்டா போவுது. சீக்கிரம் வா."

ஆனந்தன் கிழக்கே பார்த்தான். கடல் இருக்கும் திசையில் ஒரு அசைவும் இல்லை.

"வந்துகினே கீறேன் சார்," என்றான்.

கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினான். மேல்காற்று இன்னும் நிற்கவில்லை. வண்டியைக் கிளப்பி ஊரைப் பார்த்து ஓட்டினான்.